பழைய ஜீப்புக்குப் புதிய ஹெடர்: தேர்வு விரிசலில் இருந்து தொடங்கட்டும்

குளிர்காலக் காலையில் பழைய ஜீப் செரோக்கியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். பானெட்டுக்குள் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கிறது. இன்ஜின் சூடேறச் சூடேற அது தேய்ந்து, பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடுகிறது. சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறோம். மறுநாள் காலையில் அதே சத்தம் மறுபடியும் காத்திருக்கிறது.

4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் உள்ள ஜீப்புகளில் இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்த விரிசல். இரும்பு குளிர்ந்திருக்கும்போது விரிசல் வாய் திறந்திருக்கும். அதன் வழியே கழிவுப்புகை துடிப்புத் துடிப்பாக வெளியே பீறிடும். சூடேறி உலோகம் விரிந்ததும் வாய் மூடிக்கொள்ளும். நோய் போகவில்லை, ஒளிந்துகொண்டது.

இந்த நிலையில்தான் பலரும் அந்த மேனிஃபோல்டுக்கு மாற்றாக, தனித்தனிக் குழாய்களால் ஆன ஹெடர் வாங்கக் கிளம்புகிறார்கள். விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேசும். வாங்குபவரும் அதையே பார்ப்பார். பழைய காட்டுவழி வண்டிக்கு ஹெடர் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. பழையது ஏன் உடைந்தது, புதியது ஏன் உடையாமல் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு பணப்பையை எடுங்கள். அந்த விடைகளைத் தேடுவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறேன்.

ஹெடர் என்றால் என்ன

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரிந்து முடிந்ததும், அந்தச் சூடான வாயு வெளியேற ஒரு வாசல் இருக்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் ஆறு வாசல். அந்த ஆறிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து ஒரே குழாயில் விடும் பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. பழைய வண்டிகள் பலவற்றில் இது கனமான வார்ப்பிரும்புத் துண்டாக இருக்கும். குட்டையான வழிகள், கூர்மையான திருப்பங்கள். ஆனால் மலிவு, உறுதி.

ஹெடர் என்பதும் அதே வேலையைச் செய்யும் பாகம்தான். வார்த்த இரும்புக்குப் பதிலாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய் வைத்து, அவற்றை வளைத்து, ஓரிடத்தில் ஒன்றாகப் பற்றவைத்திருப்பார்கள். குழாய்கள் சேருமிடத்துக்குக் கலெக்டர் என்று பெயர். இன்ஜினோடு ஒட்டி நிற்கும் தடித்த தட்டுக்கு ஃபிளேஞ்ச் என்று பெயர். குழாய், கலெக்டர், ஃபிளேஞ்ச் ஆகிய இந்த மூன்று சொற்கள் தெரிந்தால் ஹெடரைப் பற்றி யார் பேசினாலும் புரியும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் வடிவமைத்து 1987-இல் செரோக்கியில் அறிமுகப்படுத்திய 4.0 லிட்டர் இன்ஜின். கிரைஸ்லர் கைக்குப் போன பிறகும் அது தொடர்ந்து வந்தது. செரோக்கியில் 2001 வரையிலும், ராங்க்லரில் 1991 முதல் 2006 வரையிலும் ஓடியது. இன்றும் அமெரிக்காவின் மலைப்பாதைகளில் இந்த வண்டிகள் எண்ணற்றவை. அடித்தால் சாகாத இன்ஜின் என்று பெயரெடுத்தது. அதன் மேனிஃபோல்டு மட்டும் அந்தப் பெயருக்கு விதிவிலக்கு.

ஏன் உடைகிறது

4.0 இன்ஜினில் 1999 வரை பெரும்பாலும் வந்தது எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த மேனிஃபோல்டுதான். அதாவது கம்பெனியில் இருந்து வரும்போதே அது ஒருவகை ஹெடர். குழாய்கள் சேருமிடத்தில், பற்றவைப்பை ஒட்டி, விரிசல் விழும். காரணம் இரண்டு.

முதலாவது, வெப்பம். அரை மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகு 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். முன்னால் உள்ள முதல் சிலிண்டருக்கும் பின்னால் உள்ள ஆறாம் சிலிண்டருக்கும் இடையே அரை மீட்டருக்குமேல் தூரம் இருக்கிறது. மேனிஃபோல்டு நீள விரும்புகிறது. ஆனால் அது போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) குளிர்நீர் சுற்றிவருவதால் அவ்வளவு சூடேறுவதில்லை, அவ்வளவு நீள்வதுமில்லை. நீளவும் முடியாமல், நீளாமலிருக்கவும் முடியாமல் உலோகம் தவிக்கிறது. அந்தத் தவிப்பு முழுவதும் பற்றவைப்பின் ஓரத்தில் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சூடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளிர்ச்சி. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிவதைப்போல, சில ஆண்டுகளில் அது ஒடிகிறது.

இரண்டாவது காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர் மவுண்ட்கள் வயதாகிக் கிழிந்துபோகும். அப்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு எழும். கீழே சைலன்சர் குழாயோ வண்டியின் அடிப்பாகத்தோடு தொங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மேலே அசையும் இன்ஜின், கீழே அசையாத குழாய். நடுவில் மாட்டிக்கொண்டது மேனிஃபோல்டு. பாறைமேல் ஏறும்போது இந்த முறுக்கு நகரச் சாலையில் இருப்பதைவிடப் பல மடங்கு. மவுண்டை மாற்றாமல் புதிய ஹெடர் மாட்டுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புதுப்பாய் விரிப்பதற்குச் சமம்.

ஆகவே, ஹெடர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது: பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கட்டும். நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். அது விரல் அகலத்துக்கு மேல் தூக்கினால், பட்டியலில் முதலில் எழுத வேண்டியது மவுண்ட்தான்.

சத்தம் வருவது விரிசலில் இருந்துதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 4.0 இன்ஜினில் பிஸ்டன் தட்டும் சத்தமும் உண்டு. அதுவும் குளிரில் வந்து சூட்டில் போகும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, காற்றை வெளியே ஊதக்கூடிய வேக்யூம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். பிறகு மேனிஃபோல்டு முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். விரிசல் இருக்குமிடத்தில் குமிழ் எழும். என் 1995 செரோக்கியில் நான் கண்டுபிடித்ததும் இப்படித்தான்: கண்ணாடியை நீட்டிப் பார்த்தபோது குழாய்கள் கூடுமிடத்தின் அடியில், தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த ஒரு கோடு. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அந்தக் கோட்டில் இருந்துதான் குமிழ்கள் வரிசையாக எழுந்தன.

விரிசலைச் சத்தம்தானே என்று விட்டுவிடலாமா? கூடாது. புகை துடிப்பாக வெளியேறும்போது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி, தேவைக்குமேல் பெட்ரோலை விடும். மைலேஜ் விழும், நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய வண்டிகளில் இன்ஜின் பகுதிக்கும் கேபினுக்கும் இடையே எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பது அவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

குழாயின் நீளமும் அகலமும்

இனி ஹெடரின் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். கழிவுப்புகை ஆற்றுநீர்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஒரு மூச்சு விடுகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்குப் பத்து மூச்சு விடும். ஆறுக்கும் சேர்த்து அறுபது. ஒவ்வொரு மூச்சும் குழாயில் வேகமாக ஓடும்போது தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துச் செல்கிறது. அந்த வெற்றிடம் சரியான நேரத்தில் வால்வை அடைந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையையும் உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். புதுக்காற்றுக்கு இடம் கிடைக்கும். ஹெடரால் வரும் பலன் என்று சொல்வதெல்லாம் இந்த உறிஞ்சல்தான்.

குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் குறைந்த சுற்றிலேயே வாயு வேகமாக ஓடும், உறிஞ்சலும் அங்கேயே நடக்கும். குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் அந்த வேகம் உயர்சுற்றில்தான் கிடைக்கும். பந்தயக் காருக்கு அகலக் குழாய் வைப்பது அதனால்தான். ஒன்றரை அங்குலக் குழாயை ஒன்றேமுக்கால் அங்குலம் ஆக்கினால் கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் குழாயின் வாய்ப்பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடிவிடுகிறது. அதே அளவு புகை இப்போது அந்த அளவுக்கு மெதுவாக நகரும்.

காட்டுவழி வண்டி எந்தச் சுற்றில் வாழ்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டோமேட்டிக் செரோக்கியின் முதல் கியர் விகிதம் 2.80. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை 2.72. அச்சில் 3.55. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 27. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 27 சுற்று சுற்ற வேண்டும். 29 அங்குல டயரோடு இன்ஜின் 1,000 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மனிதன் நடக்கும் வேகம். யூட்டாவின் மோவாபில் பாறைகளின்மேலோ, கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையிலோ மணிக்கணக்காக ஊர்ந்துசெல்லும் வண்டி 800-க்கும் 2,000-க்கும் இடையில்தான் பெரும்பாலான நேரம் இருக்கும். 4.0 இன்ஜினின் 190 குதிரைத்திறன் கிடைப்பதோ 4,600 சுற்றை ஒட்டி. அந்த உச்சியை இன்னும் சற்று உயர்த்தித் தரும் ஹெடர், பாறையின்மேல் உங்களுக்கு எதுவும் தராது. குழாய் மிக அகலமாக இருந்தால், கீழ்ச்சுற்றில் இருக்கும் இழுவையையும் குறைத்துவிடக்கூடும்.

எனவே 4.0-க்கு ஒன்றரை அங்குலத்தை ஒட்டிய குழாய் போதும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் சிலிண்டர் ஹெட்டையும் மாற்றி இன்ஜினைப் புதிதாகக் கட்டியவர்களுக்கு வேறு கணக்கு. அது தொடக்கநிலையில் இருப்பவர்களின் பாடமில்லை.

எந்தக் குழாய் எதோடு சேர்கிறது என்பதும் முக்கியம். இந்த இன்ஜினின் எரியும் வரிசை 1-5-3-6-2-4. இதில் முன் மூன்று சிலிண்டர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: ஒன்று, இடையில் ஒன்று விட்டு மூன்று, இடையில் ஒன்று விட்டு இரண்டு. பின் மூன்றும் அப்படியே: ஐந்து, ஆறு, நான்கு. ஆக, முன் மூன்றையும் ஒரு குழாயிலும் பின் மூன்றையும் ஒரு குழாயிலும் சேர்த்தால், ஒவ்வொரு குழாயிலும் மூச்சுகள் சம இடைவெளியில் வரும், ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாது. ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினின் இயற்கையான அழகு இது. 2000 மாடலில் இருந்து வந்த மேனிஃபோல்டு வார்ப்பிரும்பில் முன் மூன்றுக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வந்தது. வெப்பத்தில் நீளும் பிரச்சினையும் இதனால் பாதியானது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் பாதி நீளம்தான். கடையில் ஹெடர் பார்க்கும்போது முன் மூன்றும் பின் மூன்றும் தனித்தனியே சேர்ந்து, பிறகு ஒன்றாகும் அமைப்பு இருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

நீளக் குழாய் ஹெடர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: தத்துவப்படி அதுதான் கீழ்ச்சுற்றுக்கு நல்லது. ஆனால் அது கீழே இறங்கி, முன் டிரைவ்ஷாஃப்டுக்கும் சட்டத்துக்கும் பக்கத்தில் போகும். பாறையில் இடிபடும், கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பின்னால் தள்ளும். பழைய மேனிஃபோல்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, பழைய குழாயோடு நேராகச் சேரும் குட்டை ஹெடரே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது.

எந்த உலோகம்

இங்கேதான் நிதானம் தேவை, ஏனென்றால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாக வாங்குபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

துருப்பிடிக்காத எஃகில் பல வகை. எக்ஸாஸ்ட் வேலையில் அடிக்கடி வருபவை 304, 409 என்ற இரண்டு. வீட்டுச் சமையல் பாத்திரம் 304 குடும்பத்தைச் சேர்ந்தது; பளபளப்பு நிலைக்கும், துரு அண்டாது. 409-இல் குரோமியம் குறைவு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. மேற்பரப்பு பழுப்பாகிவிடும், ஆனால் உள்ளே அரிக்காது. அப்படியானால் 304 தானே சிறந்தது? வெப்பத்தில் நீளும் விஷயத்தில் இல்லை. முன்னே சொன்ன அதே அரை மீட்டர், அதே 500 டிகிரி: 409 ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், 304 நான்குக்கும் மேல் நீளும். பழைய மேனிஃபோல்டை உடைத்தது நீட்சியும் அதைத் தடுத்த பிடிப்பும்தான் என்று பார்த்தோமல்லவா? 304-இல் செய்த ஹெடர், அந்த நீட்சிக்கு இடம்கொடுக்கும் வகையில் வடிவமைக்கப்படாவிட்டால், பளபளவென்று உடையும்.

இடம் கொடுப்பது எப்படி? குழாய்க்கு நடுவே துருத்திபோல் மடிப்பு வைத்த பகுதி ஒரு வழி. ஒரு குழாய் இன்னொன்றுக்குள் வழுக்கிச் செருகும் மூட்டு இன்னொரு வழி. ஆறு வாசலுக்கும் ஒரே நீளத் தட்டாக ஃபிளேஞ்ச் வைக்காமல் தனித்தனியாக வைப்பது, அல்லது தட்டை வாசல்களுக்கு இடையே அறுத்துவிடுவது மூன்றாவது வழி. நீங்கள் பார்க்கும் ஹெடரில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். டோர்மன் போன்ற நிறுவனங்கள் பழைய மேனிஃபோல்டுக்கு நேரடி மாற்றாக விற்கும் பாகங்களும் உண்டு. பேங்க்ஸ், போர்லா போன்றவை செய்த ஹெடர்களும் உண்டு. பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல், படத்தைப் பெரிதாக்கி இந்த இடங்களைப் பாருங்கள்.

சாதாரண எஃகில் செய்து, உள்ளும் புறமும் செராமிக் பூச்சுப் பூசிய ஹெடரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நீட்சி குறைவு, பற்றவைப்பதும் எளிது, பூச்சு துருவைத் தடுக்கும், வெப்பத்தையும் உள்ளேயே வைத்திருக்கும். வெறும் கறுப்பு பெயிண்ட் மட்டும் அடித்து வருபவை வேறு. அந்தப் பெயிண்ட் முதல் வாரத்திலேயே எரிந்துபோகும். ஆற்றைக் கடந்து, சேற்றில் புரண்டு வரும் வண்டியில் துரு அதற்குப் பின்னாலேயே வரும்.

குழாயின் தடிமன் 'கேஜ்' என்ற எண்ணில் சொல்லப்படும். எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6. காட்டுவழி வண்டிக்கு 16 கேஜைவிட மெல்லிய குழாய் வேண்டாம்.

வெப்பத்தைத் தடுக்க ஹெடரைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டியைப் பற்றியும் கேட்பார்கள். 4.0-இல் பெட்ரோல் இன்ஜெக்டர்கள் ஹெடருக்கு நேர்மேலே இருப்பதால் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் பட்டி, சேற்றுநீரை உறிஞ்சி எஃகோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். உலோகத்தை வழக்கத்தைவிடச் சூடாக்கவும் செய்யும். பட்டி கட்டினால் உத்தரவாதம் செல்லாது என்றே தயாரிப்பாளர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள். பழைய வெப்பத்தடுப்புத் தகடு இருந்தால் அதைக் கழற்றி எறியாமல் திரும்ப மாட்டுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு மில்லிமீட்டர்

4.0 இன்ஜினில் ஒரு விசித்திரம் இருக்கிறது. காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒன்றே. சில போல்ட்கள் இரண்டையும் சேர்த்தே பிடிக்கின்றன: ஒரே வாஷரின் ஒரு பாதி மேலே உள்ளதை அழுத்தும், மறுபாதி கீழே உள்ளதை அழுத்தும்.

இப்போது, புதிய ஹெடரின் ஃபிளேஞ்ச், மேலே உள்ள மேனிஃபோல்டின் காதைவிட ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷர் சாய்ந்து உட்காரும். தடித்த பக்கம் முழு அழுத்தமும் வாங்கிக்கொள்ளும். மறுபக்கம் தொட்டும் தொடாமலும் நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் காற்று கசியும், ஐடிலிங் தடுமாறும்.

இது எனக்கு நேர்ந்தது. நான் முதலில் வாங்கிய ஹெடர் விலை மலிவு, பார்வைக்கும் அழகு. மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தேன். டிக் சத்தம் போய்விட்டது, பதிலுக்கு ஒரு சீற்றல் வந்தது. இரண்டு முறை கேஸ்கட் மாற்றினேன். மூன்றாம் முறை கழற்றியபோதுதான் வாஷர்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தத் தழும்பு. காலிப்பரை வைத்து அளந்தேன்: ஹெடர் ஃபிளேஞ்ச் 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. எந்திரப் பட்டறையில் கொடுத்து வாஷர் உட்காரும் இடங்களைக் கடைந்து வாங்கிய பிறகு அது அடங்கியது. அன்றிலிருந்து, யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் வாக்கியம்: பெட்டியைப் பிரித்ததும், மாட்டும் முன் அளந்து பாருங்கள்.

அளக்கும்போதே ஒரு நேரான இரும்பு அளவுகோலை ஃபிளேஞ்சின் முகத்தில் நீளவாக்கில் நிறுத்தி, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பற்றவைக்கும் சூட்டில் தட்டு வாழைப்பழம்போல் வளைந்திருக்கலாம். ஹெடரின் துளைகள் சிலிண்டர் ஹெட்டின் துளைகளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது. கேஸ்கட்டை மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பற்றவைப்பு குழாயைச் சுற்றி முழு வட்டமாக ஓடியிருக்க வேண்டும். கை எட்டாத உட்பக்கங்களில் பாதியில் நின்றிருந்தால் அந்த ஹெடரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆண்டு, சென்சார், சட்டம்

'4.0-க்குப் பொருந்தும்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 1987 முதல் 1990 வரையிலான வண்டிகளில் கழிவுப்புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் குழாய் மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும். ஹெடரில் அதற்கான துளை வேண்டும். 1991-க்குப் பிந்தையவற்றில் அது வேண்டாம். 1996 முதல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் வந்துவிட்டது. 2000-க்குப் பிந்தைய பல வண்டிகளில் மேனிஃபோல்டுக்குக் கீழேயே இரண்டு சிறிய கன்வர்ட்டர்களும் கூடுதல் சென்சார்களும் உண்டு. அந்த வண்டிகளில் பழைய மாடல் ஹெடரை மாட்டினால் அவற்றுக்கு இடமே இருக்காது.

சென்சார் இருக்கும் இடம் பழைய இடத்தில் இருந்து வெகுதூரம் தள்ளிப்போனாலும் தொல்லைதான். சென்சார் வேலை செய்யச் சூடு வேண்டும். ஒயரும் எட்ட வேண்டும்.

அமெரிக்காவில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவது தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றம். கலிபோர்னியா இன்னும் கடுமை: 1976 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் வண்டிகள் அங்கே புகைச் சோதனைக்குப் போக வேண்டும். சோதனையாளர் பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஹெடர்தான். கலிபோர்னியா காற்றுவள வாரியம் கொடுத்த அனுமதி எண் அந்த ஹெடருக்கு இருக்கிறதா, அது உங்கள் வண்டியின் ஆண்டையும் இன்ஜினையும் குறிப்பிடுகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். எண் இல்லாத ஹெடர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே பதிவுசெய்த வண்டிக்கு அது உதவாது.

மாட்டும் நாள்

முந்தின இரவே எல்லாப் போல்ட்களுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இறுகிப்போன போல்ட்டை ஒரே மூச்சில் கழற்ற முயலாமல், கால் சுற்று கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப்பைத் தளர்த்தி ஒதுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் போல்ட்டை மறந்துவிட்டு மேனிஃபோல்டை நெம்புபவர்கள் பலர். சிலிண்டர் ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைத் துளியும் மிச்சமில்லாமல் சுரண்டுங்கள்.

இறுக்கும்போது நடுவில் தொடங்கி இருபுறமும் வெளியே போகும் வரிசை. அளவு, உங்கள் ஆண்டுக்கான சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி. கைப்பழக்கத்தில் இறுக்க வேண்டாம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். ஹெடரை முழுதாக இறுக்குவதற்கு முன்பே கீழ்க்குழாயைத் தளர்வாகச் சேர்த்துவிடுங்கள். கீழ்க்குழாயை இழுத்துப் பிடித்துத்தான் சேர்க்க முடிகிறதென்றால், புதிய ஹெடர் முதல் நாளே இழுவிசையில் பிறக்கிறது. அப்படியிருந்தால் கீழ்க்குழாயில் பின்னல் கம்பி போர்த்திய வளையும் துண்டு ஒன்றைப் பற்றவைத்துச் சேருங்கள். ஹெடரின் விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவுதான் அது. இன்ஜின் ஆடினாலும் அந்த ஆட்டத்தை இந்தத் துண்டு வாங்கிக்கொள்ளும். மவுண்ட் மாற்றியவர்களும் இதைச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் புதிய உலோகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் பூச்சும் எரிந்து புகை வரும். வெட்டவெளியில் வைத்து ஓடவிடுங்கள். வண்டி முழுவதுமாகக் குளிர்ந்த பிறகு எல்லாப் போல்ட்களையும் அதே வரிசையில் மறுபடி இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. கேஸ்கட் சூட்டில் அமுங்குவதால் முதல் முறை இறுக்கியது நிச்சயம் தளர்ந்திருக்கும். என் வண்டியில் இரண்டாம் முறையும் நடுப்போல்ட்கள் கால் சுற்று ஏறின.